மனைவிக்கு எந்தத் துப்பாக்கி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹூஸ்டன் பக்கம் வந்து 16 வருடம் ஆகிறது. பிறந்தநாள் விருந்து, கொலு, கிரிக்கெட் மேட்ச் என்று எங்கே கூடினாலும் யாராவது ஒரு தம்பி என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "அக்கா, உங்களிடம் ஒன்று கேட்கணும்" என்று குரலைத் தாழ்த்துவார். மனைவி மருத்துவமனையில் இரவு ஷிஃப்ட் முடித்துத் தனியாக வருகிறாள், கூடவே வைத்துக்கொள்ள ஒரு சின்னத் துப்பாக்கி வாங்கித் தரலாம் என்று இருக்கிறேன், எது நல்லது என்பார். திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். நான் வக்கீல் இல்லை. பெண்களுக்கான ஒரு ரேஞ்ச் (துப்பாக்கி சுட்டுப் பழகும் இடம்) குழுவில் புதிதாக வருகிறவர்களுக்குக் கூடமாட உதவுகிறவள், அவ்வளவுதான். சட்ட விஷயங்களை டெக்ஸஸை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். வேறு மாநிலம் என்றால் அங்கங்கே சொல்கிறேன்.

எது வாங்கலாம் என்று ஒரே வரியில் சொல்ல முடியுமா?

முடியும். நீங்கள் வாங்காதீர்கள், அவரைக் கூட்டிக்கொண்டு போய் அவரையே வாங்கச் சொல்லுங்கள்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். 2013-இல் என் பிறந்தநாளுக்கு எங்கள் வீட்டுக்காரர் ஒரு டப்பாவை நீட்டினார். உள்ளே ஐந்து குண்டு போடும் குட்டி ரிவால்வர். கடையில் இருந்தவர், "லேடீஸ் எல்லாரும் இதைத்தான் விரும்புவார்கள்" என்று சொல்லி விற்றிருக்கிறார். கையில் எடுத்தால் பூப்போல இருந்தது, எனக்கும் சந்தோஷம்தான். அந்தச் சனிக்கிழமை ரேஞ்சில் முதல் குண்டைச் சுட்டதும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே யாரோ சுத்தியலால் அடித்த மாதிரி ஒரு வலி. ஐந்தையும் எப்படியோ சுட்டு முடித்தேன். ஆறாவது சுடவில்லை. ஏழு கஜத்தில் இருந்த காகிதத்தில் ஒரே ஒரு ஓட்டை, அதுவும் ஓரத்தில். அப்புறம் இரண்டு வருடம் அது பெட்டியிலேயே கிடந்தது. அவர் மேல் தப்பில்லை, பாசமாகத்தான் வாங்கினார். ஆனால் செருப்பு வாங்கினால்கூட என்னைக் கூட்டிப் போய் அளவு பார்க்கிற மனுஷர், இதற்கு மட்டும் ஏன் தனியாகப் போனார் என்று இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கை சின்னது, உடம்பு சின்னது. அப்போது சின்னத் துப்பாக்கிதானே பொருத்தம்?

பார்த்தால் அப்படித்தான் தோன்றும். சுட்டுப் பார்த்தால் தலைகீழ். ஒரே குண்டைக் கனமான துப்பாக்கியில் போட்டால் அந்தக் கனமே பாதி உதையை வாங்கிக்கொள்ளும். எடை குறையக் குறைய மிச்ச உதை முழுவதும் கைக்கு வரும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642 என்ற புகழ்பெற்ற குட்டி ரிவால்வர் 400 கிராம் சொச்சம். ருகர் எல்.சி.பி. என்ற குட்டிப் பிஸ்டல் 300 கிராம்கூட இல்லை. இவை இரண்டும் பழகிய கைக்குத்தான் சரிப்படும். எங்கள் குழுவில் வருடக்கணக்காகச் சுடுகிறவர்கள்கூட ஒரு பெட்டிக் குண்டு முடிவதற்குள் போதும் என்பார்கள். குண்டு போடாத நிலையிலேயே 600 கிராமுக்கு மேல் வரும் கிளாக் 19 பிஸ்டலை, 50 கிலோ எடையுள்ள பெண் முதல் நாளே சிரித்துக்கொண்டு சுடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

சின்னதில் இன்னும் இரண்டு சங்கடம் உண்டு. பிடிக்க இடம் போதாது, சுண்டுவிரல் அந்தரத்தில் தொங்கும். குறி பார்க்கத் துப்பாக்கியின் மேலே இருக்கும் முன் குறிக்கும் பின் குறிக்கும் இடையே தூரம் குறைவு என்பதால் கை இம்மி அசைந்தாலும் குண்டு வெகுதூரம் விலகிப் போகும். பெரியதை மறைத்து வைப்பது கஷ்டம், சின்னதைச் சுடுவது கஷ்டம். இரண்டுக்கும் நடுவில் அவரவர் கைக்கும் இடுப்புக்கும் எங்கே ஒத்துப்போகிறது என்று பார்ப்பதுதான் இந்தத் தேர்வில் இருக்கிற முழு வேலையும்.

ரிவால்வரா, பிஸ்டலா?

ரிவால்வரில் ஒரு நிம்மதி உண்டு. சுற்றும் உருளையைத் திறந்து பார்த்தால் குண்டு இருக்கிறதா இல்லையா என்று கண்ணுக்கே தெரிந்துவிடும். பிஸ்டலில் போல மேல்பகுதியான ஸ்லைடைப் பின்னால் இழுக்க வேண்டியதில்லை. கோட்டுப் பாக்கெட்டுக்குள்ளேயே இருந்தாலும் குண்டைத் தட்டும் சுத்தியல் வெளியே தெரியாத 642 போன்றவை துணியில் மாட்டாது. ஆனால் அதன் விசையை (டிரிகர்) முழுவதும் இழுக்கக் கிட்டத்தட்ட 5 கிலோ பலம் வேண்டும். துப்பாக்கியோ அரைக் கிலோகூட இல்லை. விரல் இழுக்கும்போது துப்பாக்கியே சேர்ந்து ஆடும். ஐந்து குண்டு முடிந்ததும் திரும்ப நிரப்புவது நிதானமான வேலை.

பிஸ்டலில் விசை இலேசு. கிளாக் வகையில் சுமார் 2.5 கிலோ. குண்டும் அதிகம். ஆனால் படிக்க வேண்டியதும் அதிகம். முக்கியமாக, குண்டு அடுக்கிய மேகசினைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி காலி என்று நினைப்பது பெரிய ஆபத்து. குழாயின் பின்முனையில் இருக்கும் அறைக்குள் ஒரு குண்டு உட்கார்ந்திருக்கலாம். முதலில் மேகசினைக் கழற்றி, பிறகு ஸ்லைடை இழுத்து, அறையைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பார்க்க வேண்டும். இந்த வரிசையைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிற அளவுக்குப் பழகாதவர் பிஸ்டலை இடுப்பில் வைக்கக் கூடாது.

என் சாய்வு பிஸ்டல் பக்கம். விரலில் வாதம் இருக்கிறவர், மாதம் ஒருமுறைகூடப் பயிற்சிக்கு வர முடியாதவர் ரிவால்வர்தான் வேண்டும் என்றால் மறுக்க மாட்டேன், ஆனால் கொஞ்சம் கனமானதாக, எஃகில் செய்ததாகப் பாருங்கள்.

ஸ்லைடை அவளால் இழுக்கவே முடியவில்லை. என்ன செய்வது?

பத்தில் எட்டுப் பேருக்கு இது பலத்தின் பிரச்சினை இல்லை, முறையின் பிரச்சினை. கையை நீட்டிக்கொண்டு, இரண்டு விரலால் ஸ்லைடின் நுனியைக் கிள்ளி இழுத்தால் யாருக்கும் வராது. துப்பாக்கியை மார்புக்குப் பக்கத்தில் கொண்டு வந்து, முனை குறி இருக்கும் பக்கமே பார்த்திருக்க, ஸ்லைடின் மேல் உள்ளங்கையைக் கவிழ்த்து நாலு விரலாலும் பிடித்துக்கொண்டு, அந்தக் கையை அப்படியே நிறுத்திவிட்டு, பிடியில் இருக்கும் கையை முன்னால் தள்ள வேண்டும். இழுப்பதைவிடத் தள்ளுவது சுலபம், தோளும் சேர்ந்து வேலை செய்யும். எங்கள் குழுவில் 64 வயது அம்மா ஒருவர், மகன் "உன்னால் முடியாது" என்று சொன்ன துப்பாக்கியை மூன்றாவது முயற்சியில் இழுத்துக் காட்டினார்.

அப்படியும் வரவில்லை என்றால் அதற்கென்றே செய்த துப்பாக்கிகள் இருக்கின்றன. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 2018-இல் கொண்டு வந்த எம் அண்ட் பி 380 ஷீல்டு ஈ.சி. (EZ) பிஸ்டலில் ஸ்லைடு மெத்தென்று வரும், மேகசினில் குண்டு நிரப்புவதும் சுலபம். பெரெட்டாவின் பாப்கேட், டாம்கேட் மாதிரிகளில் ஸ்லைடைத் தொடவே வேண்டாம். குழாயின் பின்முனை மேலே எழும்பித் திறக்கும், குண்டை நேராக உள்ளே வைத்து மூடிவிடலாம். ஆனால் இவற்றில் போடும் குண்டு சின்னது.

9 எம்.எம். குண்டு போடுவதை எடுப்பதா, அதைவிட வலு குறைந்த .380 குண்டு போடுவதை எடுப்பதா?

கையில் 9 எம்.எம். நிற்கிறது என்றால் அதுவே. பெரிய குண்டுக்கு மாறியிருந்த எஃப்.பி.ஐ.யே 2010-களின் நடுவில் 9 எம்.எம்.-க்குத் திரும்பி வந்துவிட்டது: உதை குறைவு, குறி தப்புவது குறைவு, குண்டின் வடிவமைப்பும் முன்னேறிவிட்டது. பயிற்சிக் குண்டு விலையிலும் 9 எம்.எம்.தான் மலிவு, .380 கூடுதல். இது கடையில் யாரும் சொல்லாத கணக்கு.

உதை வலிக்கிறது, மணிக்கட்டில் பழைய காயம் என்றால் .380 தாராளமாக எடுக்கலாம். ஆனால் .380 என்றாலே மெத்தென்று இருக்கும் என்று நம்பி வாங்காதீர்கள். பழைய பாணியில், ஸ்பிரிங்கின் பலத்தையும் ஸ்லைடின் கனத்தையும் மட்டுமே நம்பி வேலை செய்யும் வால்தர் பி.பி.கே. போன்றவை, சில 9 எம்.எம்.-களைவிடச் சுரீர் என்று உதைக்கும். சுட்டுப் பார்க்காமல் இதெல்லாம் தெரியாது.

சரி, பெயர் சொல்லுங்கள். எதெதைச் சுட்டுப் பார்க்கலாம்?

வாடகைக்குத் துப்பாக்கி தரும் ரேஞ்சுக்குப் போங்கள். ஒரே மதியத்தில் நாலைந்து மாதிரிகளைச் சுட்டுவிடலாம். நான் முதலில் கையில் கொடுப்பது கிளாக் 19 அல்லது அந்த அளவில் ஏதாவது ஒன்று. மறைத்து வைப்பதற்கு இல்லை, சுடுவது எப்படி இருக்கும் என்று பயம் தெளிவதற்கு. அடுத்து கிளாக் 43எக்ஸ்: 2019-இல் வந்தது, உடம்பு ஒல்லி, பிடி முழுதாக இருக்கும், 10 குண்டு. பிறகு சிக் சாவர் பி365. 2018-இல் இது வந்ததும்தான், இவ்வளவு சின்னதில் 10 குண்டு போட முடியுமா என்று எல்லாக் கம்பெனிகளும் முழித்துக்கொண்டன. எடை அரைக் கிலோ. இதிலேயே பிடி நீண்ட எக்ஸ்.எல். வடிவமும், 2022-இல் வந்த .380 வடிவமும் உண்டு. ஸ்பிரிங்ஃபீல்டு ஹெல்கேட்டும் இதே குடும்ப அளவுதான். என் கைக்கு அதன் பிடி சொரசொரப்பு அதிகம், சிலருக்கு அதுதான் பிடிக்கிறது. கை ரொம்பச் சின்னது என்றால் வால்தர் பி.டி.பி.-எஃப் பாருங்கள், 2022-இல் பெண்கள் கையின் அளவை வைத்தே பிடியையும் விசைக்கான தூரத்தையும் திருத்தி, ஸ்லைடை இலேசாக்கிச் செய்தது. மேலே சொன்ன ஷீல்டு ஈ.சி.யையும் வரிசையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஈ.சி.யின் 9 எம்.எம். வடிவத்தைப் பழையதாக வாங்குகிறீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை. 2020 மார்ச்சிலிருந்து அக்டோபர் வரை செய்த சிலவற்றில் சுத்தியலில் குறை என்று கம்பெனியே திரும்ப அழைத்தது. வரிசை எண்ணைக் கொடுத்தால் அவர்களே சரிபார்த்துச் சொல்வார்கள்.

இளஞ்சிவப்புப் பிடி போட்டது ஒன்று எல்லாக் கடையிலும் கண்ணாடிப் பெட்டியின் முன்வரிசையில் இருக்கும். நிறம் பிடித்தால் வாங்கட்டும், தப்பில்லை. நிறத்துக்காக மட்டும் வாங்க வேண்டாம்.

கடையில் நிற்கும்போது கைக்குப் பொருந்துகிறதா என்று எப்படிப் பார்ப்பது?

காலி என்று கடைக்காரரும் நீங்களும் தனித்தனியாகப் பார்த்த பிறகு, அவர் பிடித்துப் பார்க்கட்டும். துப்பாக்கிக் குழாய் முன்கையின் எலும்போடு ஒரே நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். அப்படிப் பிடித்த நிலையில் ஆள்காட்டி விரலின் முதல் கணுவுக்கு முன்னால் இருக்கும் சதை விசைமேல் படிய வேண்டும். நுனி மட்டும்தான் எட்டுகிறது, அல்லது எட்டவைக்கக் கையைத் திருப்ப வேண்டியிருக்கிறது என்றால் அந்தப் பிடி பெரியது. மேகசின் பொத்தானை அழுத்த முடிகிறதா என்றும் பாருங்கள். இடதுகைக்காரர் என்றால் அதை மறுபக்கம் மாற்ற முடியுமா என்று கேளுங்கள். இப்போது வருவதில் பெரும்பாலும் முடியும்.

இதையெல்லாம் அவரே செய்யட்டும். நீங்கள் இரண்டு அடி தள்ளி நில்லுங்கள். கடைக்காரர் உங்களைப் பார்த்தே பேசுவார். "அவங்ககிட்ட கேளுங்க" என்று சொல்வது மட்டும்தான் அங்கே உங்கள் வேலை.

நாங்கள் எச்-1பி, எச்-4 விசாவில் இருக்கிறோம். வாங்கலாமா?

இதைத்தான் முதல் கேள்வியாக வைத்திருக்க வேண்டும். குடியேற்றம் அல்லாத விசாவில் இருக்கிறவர்கள் துப்பாக்கியோ குண்டோ வைத்திருப்பதை மத்தியச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 எல்லாம் இதில் அடக்கம். மாநிலம் டெக்ஸஸ் என்பதால் இது மாறாது. வாங்குவதை மட்டும் தடுக்கிறது என்றும் நினைக்காதீர்கள். கையில் வைத்திருப்பதே தடை, ஆகவே நண்பரோடு ரேஞ்சுக்குப் போய் இரண்டு குண்டு சுடுவதும் சிக்கல்தான். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு என்று சட்டத்தில் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு, "சில டாலரில் வேட்டை உரிமம் எடுத்துவிட்டால் போதும்" என்று வாட்ஸாப்பில் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். துப்பாக்கிக் குற்றம் ஒன்று பதிவானால் நாடு கடத்துவதற்கு அதுவே காரணமாகலாம். பத்து வருடம் கிரீன் கார்டுக்குக் காத்திருக்கிறவர் எடுக்கிற ரிஸ்க்கா இது? குடியேற்ற வக்கீலிடம் கேட்காமல் எதுவும் செய்யாதீர்கள்.

கிரீன் கார்டு வந்துவிட்டால் வாங்கலாம். கடையில் நிரப்பும் படிவத்தில் யு.எஸ்.சி.ஐ.எஸ். (குடியேற்றத் துறை) எண் கேட்பார்கள்.

நீங்கள் சிட்டிசன், மனைவி இன்னும் மாணவர் விசாவில் இருக்கிறார் என்றால்? அவருக்குத் துப்பாக்கி கொடுப்பது உங்களுக்கும் குற்றம். வீட்டில் உங்கள் துப்பாக்கி இருந்தால் பூட்டுப் பெட்டியைத் திறக்கும் எண் உங்களுக்கு மட்டும் தெரிந்திருக்கட்டும்.

சர்ப்ரைஸாகப் பரிசளிப்பது சட்டப்படி சரியா?

இருவருக்கும் தகுதி இருந்து, உங்கள் பணத்தில் வாங்கி, உண்மையாகவே பரிசாகக் கொடுத்தால் குற்றமில்லை. டீலரிடம் நிரப்பும் 4473 எண் படிவத்தில், உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா என்று ஒரு கேள்வி வரும். பரிசு என்றால் "ஆம்". மனைவியின் பணத்தில், மனைவிக்காக, உங்கள் பெயரில் வாங்கினால் அந்த "ஆம்" பொய்யாகிவிடும். அப்ராம்ஸ்கி என்ற முன்னாள் போலீஸ்காரர் மாமாவின் பணத்தில் மாமாவுக்காக ஒரு கிளாக் 19 வாங்கி மாட்டினார். மாமாவுக்குத் துப்பாக்கி வைத்திருக்க முழுத் தகுதி இருந்தது. இருந்தும் 2014-இல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில், படிவத்தில் சொன்னது பொய்தான் என்று தீர்ப்பளித்தது. தகுதி இல்லாத ஒருவருக்காக இப்படி வாங்கிக் கொடுத்தால் 2022 சட்டப்படி 15 வருடம் வரை சிறை.

என் யோசனை: கடையின் பரிசு அட்டையை வாங்கி உறையில் போட்டுக் கொடுங்கள். படிவத்தை அவரே நிரப்பட்டும். டீலரிடம் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். நியூ ஜெர்சியில் ஒவ்வொரு கைத்துப்பாக்கிக்கும் தனி அனுமதிச் சீட்டு, இல்லினாயில் எஃப்.ஓ.ஐ.டி. என்ற துப்பாக்கி உடையவருக்கான அடையாள அட்டை, கலிஃபோர்னியாவில் மாநிலம் ஒப்புக்கொண்ட மாதிரிகளின் பட்டியல் என்று தனித்தனித் தொல்லைகள் உண்டு. நான் மேலே சொன்ன மாதிரிகளில் சில அங்கே கிடைக்காமலும் போகலாம். 10 குண்டுக்கு மேல் போடும் மேகசினையும் நியூ ஜெர்சியிலும் கலிஃபோர்னியாவிலும் விற்க மாட்டார்கள்.

டெக்ஸஸில் இப்போது உரிமமே வேண்டாம் என்கிறார்களே?

2021 செப்டம்பர் 1 முதல், தகுதியுள்ள 21 வயதானவர்கள் உரிமம் இல்லாமலே எடுத்துச் செல்லலாம். ஆனாலும் எல்.டி.சி. என்ற, எடுத்துச் செல்வதற்கான மாநில உரிமம் எடுங்கள் என்பேன். கட்டணம் 40 டாலர், நாலிலிருந்து ஆறு மணி நேர வகுப்பு, 3, 7, 15 கஜத்தில் மொத்தம் 50 குண்டு. 250 மதிப்பெண்ணில் 175 போதும். பக்கத்து மாநிலங்களுக்குக் காரில் போகும்போது அந்த அட்டை உதவும். பள்ளியைச் சுற்றி 1,000 அடிக்குள் துப்பாக்கி கூடாது என்ற மத்தியச் சட்டத்திலிருந்து மாநில உரிமம் உள்ளவருக்கு விலக்கு உண்டு. பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிடும் அம்மாவுக்கு இது சின்ன விஷயமில்லை. பள்ளிக் கட்டடத்துக்குள் உரிமம் இருந்தாலும் கொண்டுபோகக் கூடாது. நியூயார்க், நியூ ஜெர்சி, கலிஃபோர்னியா, இல்லினாய் போனால் டெக்ஸஸ் அட்டை வெறும் பிளாஸ்டிக்தான்.

கோயிலுக்கு? 2019 முதல் வழிபாட்டுத் தலங்கள் தடைப் பட்டியலில் இல்லை. ஆனால் வாசலில் துப்பாக்கி கூடாது என்று 30.06, 30.07 எண் போட்ட பலகை இருந்தால் அதற்குக் கட்டுப்பட வேண்டும். பலகை இல்லாத கோயிலுக்கும் நான் கொண்டுபோவதில்லை. அது என் பழக்கம்.

கைப்பையில் வைத்துக்கொள்வதுதானே சுலபம்?

சுலபம்தான், அதனால்தான் பயம். 2014 டிசம்பர் 30, ஐடஹோ மாநிலத்தில் ஹேடன் என்ற ஊர். வால்மார்ட்டில் 29 வயதுத் தாய் ஒருவர் தள்ளுவண்டியில் இரண்டு வயது மகனை உட்கார வைத்து, பக்கத்தில் கைப்பையையும் வைத்திருந்தார். குழந்தை பையின் ஜிப்பைத் திறந்து உள்ளே இருந்த துப்பாக்கியை எடுத்துச் சுட்டுவிட்டான். அந்த இடத்திலேயே அம்மா இறந்துபோனார். பழக்கமில்லாதவர் இல்லை, ஆயுதங்களோடு வளர்ந்தவர், உரிமம் வைத்திருந்தவர். அந்தப் பை, துப்பாக்கிக்கென்று தனி அறை வைத்துத் தைத்தது. கிறிஸ்துமஸுக்குக் கணவர் கொடுத்த பரிசு.

பையை நாம் நாற்காலியில் மாட்டுகிறோம், வண்டியில் விடுகிறோம், தோழியிடம் "கொஞ்சம் பிடி" என்று கொடுக்கிறோம். பறிக்க வருகிறவன் முதலில் இழுப்பதும் பையைத்தான். துப்பாக்கி உடம்போடு இருக்க வேண்டும். விசையை முழுக்க மூடும் கெட்டியான உறையில் இருக்க வேண்டும். கைடெக்ஸ் என்ற பிளாஸ்டிக்கில் அந்தந்த மாதிரிக்கென்றே வார்த்துச் செய்வார்கள். பத்து டாலருக்குக் கிடைக்கும் தொளதொள துணி உறை வேண்டாம். உறைக்கும் பெல்ட்டுக்கும் சேர்த்து 100, 150 டாலர் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் துப்பாக்கி பாருங்கள்.

சுடிதார், புடவை கட்டுகிறவர் எங்கே வைத்துக்கொள்வது?

கடையில் இருக்கும் எந்த விற்பனையாளருக்கும் பதில் தெரியாத கேள்வி இது. ஜீன்ஸ் என்றால் கெட்டி பெல்ட், இடுப்புக்குள் செருகும் உறை, மேலே கொஞ்சம் தளர்வான சட்டை. முடிந்தது. சுடிதாரின் நாடா அரைக் கிலோ எடையைத் தாங்காது, நடந்தாலே சரியும். அதற்கு உடைக்கு உள்ளே தனி வார் போட்டு உடம்போடு கட்டிக்கொள்ளும் அமைப்புகள் இருக்கின்றன, பி.எச்.எல்.ஸ்டர் எனிக்மா என்பது ஒன்று. குர்த்தாவின் பக்கவாட்டுப் பிளவு வழியாகக் கை போகிறதா, துணியைத் தூக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று காலித் துப்பாக்கியோடு கண்ணாடி முன்னால் பழகிப் பார்க்க வேண்டும். குண்டெல்லாம் அப்போது வேறு அறையில் இருக்கட்டும்.

புடவையில் மறைப்பது சுலபம், எடுப்பது நடக்காத காரியம். புடவை கட்டும் நாளில் என்னுடையது பெட்டியில்தான் இருக்கும்.

வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள்.

உடம்பில் இல்லாத நேரமெல்லாம் பூட்டில் இருக்க வேண்டும். அலமாரியின் மேல்தட்டு பூட்டு ஆகாது. கைக்கடக்கமான இரும்புப் பெட்டி, பொத்தான் அழுத்தித் திறப்பது, பேட்டரி தேவைப்படாதது நல்லது. அதைச் சுவரிலோ தரையிலோ போல்ட் போட்டு இறுக்குங்கள். டீலர் விற்கும் ஒவ்வொரு கைத்துப்பாக்கியோடும் ஒரு பூட்டு தர வேண்டும் என்று 2005-இல் வந்த சட்டம் இருக்கிறது. அதையும் வாங்காமல் வராதீர்கள். டெக்ஸஸில் 17 வயதுக்குக் கீழுள்ள பிள்ளையின் கைக்குக் குண்டு நிரப்பிய துப்பாக்கி கிடைக்கும்படி விட்டால் குற்றம். பிள்ளைகளுக்கு ஒன்றே ஒன்று சொல்லிக்கொடுங்கள்: எங்கே பார்த்தாலும் தொடாதே, அந்த இடத்தை விட்டு வா, பெரியவர்களிடம் சொல்.

அவளுக்கு விருப்பமில்லை. ஆனால் பாதுகாப்புக்கு வேண்டுமே என்று எனக்குக் கவலை.

விருப்பமில்லாதவர் கையில் துப்பாக்கி கொடுத்தால் பயம் இரண்டாகும். கவலை உங்களுடையது என்றால் அவர் ஷிஃப்ட் முடியும் நேரத்தில் போய்க் கூட்டி வாருங்கள். மருத்துவமனைக் காவலர்களிடம் கேட்டால் கார் வரைக்கும் கூட வருவார்கள். பெப்பர் ஸ்ப்ரே, தலைமாட்டில் நல்ல டார்ச், வீட்டுக் கதவுக்கு மூன்று அங்குல ஸ்க்ரூ. இதெல்லாம் சொன்னால் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கிறது. கடைக்குப் போகத் தயாராகி வந்திருப்பார்கள்.

வகுப்புக்கு மட்டும் ஒருமுறை அழைத்துப் பாருங்கள். பயிற்சியாளர் நீங்களாக இருக்க வேண்டாம். கணவன் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்த கதை எல்லார் வீட்டிலும் உண்டு. டெக்ஸஸில் 2011-இல் தொடங்கிய 'எ கேர்ள் அண்ட் எ கன்' போலப் பெண்களுக்கான குழுக்கள் பல ஊரிலும் இருக்கின்றன. வந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் அத்தோடு விட்டுவிடுங்கள்.

வீட்டில் ஒருவருக்கு மனச்சோர்வு இருந்தால்?

இப்போது வாங்காதீர்கள். ஏற்கெனவே இருந்தால் நம்பிக்கையானவரிடமோ, வாங்கி வைத்துக்கொள்ளும் கடையிலோ ஒப்படைக்க முடியுமா என்று பாருங்கள். அமெரிக்காவில் 2022-இல் துப்பாக்கியால் இறந்தவர்கள் சுமார் 48,000 பேர். அதில் 27,000 பேர் தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள். குழந்தை பிறந்த பிறகு வரும் சோர்வு, வேலை போன நாட்கள், எல்லாம் இதில் சேர்த்தி. 988 என்ற மனநெருக்கடி உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். வீட்டில் கைநீட்டும் வழக்கம் இருந்தாலும் இதே பதில்தான், அங்கே இன்னும் அழுத்தமாக.

கர்ப்பமாக இருக்கும்போது ரேஞ்சுக்குப் போகலாமா?

ஈயப் புகையும் சத்தமும் சேர்ந்த இடம் அது. காதுக் கவசம் தாய்க்குத்தான், வயிற்றில் இருப்பதற்கு இல்லை. தள்ளிப் போடுங்கள். மற்ற நாளிலும் ரேஞ்சிலிருந்து வந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, உடை மாற்றிவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள்.

வாங்கிய பிறகு எவ்வளவு பயிற்சி வேண்டும்?

எடுத்துச் செல்லும் முன் குறைந்தது 200 குண்டாவது அதே துப்பாக்கியில் சிக்கலில்லாமல் போயிருக்க வேண்டும். தற்காப்புக்கு வைக்கும் ஹாலோ பாயின்ட் (நுனியில் குழி உள்ள) குண்டில் இரண்டு மேகசினாவது சுட்டுப் பார்க்க வேண்டும், சில துப்பாக்கிகள் சில குண்டை ஏற்காது. அப்புறம் மாதம் ஒருமுறை 50 குண்டு. வாங்கிய செலவுக்குப் பக்கத்தில் இந்தச் செலவு ஒரே வருடத்தில் வந்துவிடும்.

விதிகள் நாலு, ஜெஃப் கூப்பர் என்ற அமெரிக்கத் துப்பாக்கிப் பயிற்சியாளர் சொன்னவை: எல்லாத் துப்பாக்கியிலும் குண்டு இருக்கிறது என்றே நடந்துகொள். அழிக்க விரும்பாத எதன் பக்கமும் முனையைத் திருப்பாதே. குறி பார்த்து முடிக்கும்வரை விரல் விசைக்கு வெளியே. குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள். என் வீட்டுக்காரருக்கு இன்னும் மூன்றாவது விதியை நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

இருவருக்கும் ஒன்றே போதாதா?

வீட்டுக்குப் போதும். இடுப்புக்குப் போதாது. அவர் உயரம் வேறு, உங்கள் உறை வேறு, நியூயார்க் போன்ற இடத்தில் உரிமத்திலேயே எந்தத் துப்பாக்கி என்று எழுதியிருக்கும். ஒரே மாதிரியில் இரண்டு வாங்குகிறவர்கள் உண்டு. மேகசினும் குண்டும் பொதுவாகிவிடும், அது நல்ல யோசனை.

விமானத்தில் கொண்டு போகலாமா? ஊருக்குப் போகும்போது?

அமெரிக்காவுக்குள் என்றால், குண்டில்லாமல், கெட்டியான பெட்டியில் பூட்டி, கவுன்டரில் சொல்லிவிட்டு, சரக்குப் பெட்டியாகத்தான் போட வேண்டும். கைப்பையில் மறந்து வைத்துச் சோதனையில் மாட்டினால் ஆயிரக்கணக்கான டாலர் அபராதம்.

இந்தியாவுக்கு யாரும் துப்பாக்கியைக் கொண்டுபோகப் போவதில்லை. மாட்டிவிடுவது மறந்த குண்டு. ரேஞ்சுக்குக் கொண்டுபோன முதுகுப்பையையே ஊருக்கும் எடுத்துப் போவார்கள். அடித்துணிக்குள் உருண்டு கிடந்த ஒற்றைக் குண்டு சென்னை விமான நிலைய ஸ்கேனரில் பளிச்சென்று தெரியும். 1959 ஆயுதச் சட்டத்தில் குண்டும் அடக்கம். கல்யாணத்துக்குப் போனவர் போலீஸ் ஸ்டேஷனில் விளக்கம் எழுதிக்கொண்டிருக்க வேண்டியதுதான். எங்கள் வீட்டில் ரேஞ்சுக்கென்று ஒரு சிவப்புப் பை. அதில் வேறு எதையும் வைக்க மாட்டோம், ஊருக்குப் போகும் வாரம் அது கராஜில் ஆணியில் தொங்கும்.